ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

கேள்வி: தரம் 9இல் படிக்கும் என் மகள், ஆங்கிலத்தில் 'சந்திப்பேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இறைச்சி' என்ற சொல்லை எழுதிவிடுகிறாள். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் ஐம்பது சோடியைப் பாடமாக்கக் கொடுத்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் செவியில் பிழையில்லை. 'மீற்' என்று இரண்டு சொற்களும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. நாமும் பேச்சில் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கிவிட்டு, சொல்லப்படுவது வாழை மரமா வாளை மீனா என்பதை வசனத்தைக் கொண்டுதானே அறிகிறோம்? உங்கள் ஊர்ப்பெயரின் ளகரத்துக்காகச் சிறு வகுப்பில் குட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அந்த இரு சொற்களும் முன்னொரு காலத்தில் வேறுவேறாகவே ஒலித்தன. ஆங்கில நெட்டுயிர்கள் 15ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிச் சில தலைமுறைகளாக இடம் மாறிக்கொண்டிருந்தன. அந்த மாற்றம் ஓய்வதற்கு முன்பே, 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த அச்சுக்கலை பரவப் பரவ, எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோயிற்று. இறைச்சிக்கு 'ஈ, ஏ' என்றும் சந்திப்புக்கு இரண்டு 'ஈ' என்றும் இன்று எழுதுவது அந்தப் பழைய வேறுபாட்டின் தடமே. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைற்' என்ற சொல்லின் முன்னால் சும்மா நிற்கும் 'கே'யும் ஒருகாலத்தில் வாயால் சொல்லப்பட்டதுதான்.

சோடி சோடியாகப் பாடமாக்கக் கொடுத்ததே குழப்பத்தைக் கூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த பிள்ளைக்கு, ஒன்றை எழுதப் போகும்போது மற்றதும் கூடவே வந்து நிற்கும். ஆகவே முதலில் சந்திப்புக்குரிய சொல்லை மட்டும் எடுத்து, 'பரந்தன் சந்தியில் சந்திப்போம்', 'நாளை ரீச்சரைச் சந்திப்பேன்' என்பன போன்ற வசனங்களில் ஓரிரு வாரம் எழுதப் பழக்குங்கள். கை தானாக எழுதத் தொடங்கிய பின்னரே இறைச்சிக்கு வாருங்கள். சொல்வதெழுதுதலையும் முழு வசனமாகவே கொடுங்கள். தனியே 'மீற்' என்று சொன்னால், எதை எழுதுவதென்று ஆங்கிலேயருக்கே தெரியாது.

சில சொற்கள் தம் பொருளைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. கேட்டலைக் குறிக்கும் 'ஹியர்' என்ற சொல்லின் எழுத்துகளுக்குள் காதைக் குறிக்கும் 'இயர்' முழுதாக இருக்கிறது. 'அங்கே' என்று பொருள்தரும் 'தெயர்' என்பதற்குள் 'இங்கே' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. 'அவர்களுடைய' என்ற மற்றத் 'தெயர்'க்குள் அது இல்லை. இவற்றை நீங்கள் சொல்லிக் கொடுக்காமல், அவளே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈரத்தைக் குறிக்கும் சொல்லையும் மிருக வைத்தியரைக் குறிக்கும் சொல்லையும் நம்மவர் பலர் 'வெற்' என்றே சொல்கிறோம். அவை உண்மையில் ஒத்த ஒலியுடையவை அல்ல. நமக்கு வகரம் ஒன்றே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. வைத்தியருக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ஈரத்துக்குப் பல் படாமல் உதடு குவிய வேண்டும். இதற்குக் கொப்பியும் பேனையும் உதவமாட்டா. அவளைக் கண்ணாடியின் முன் நிறுத்தித் தன் வாயைத் தானே பார்த்துச் சொல்ல வையுங்கள்.