ஒசாகாவில் ஐந்து தோழிகள்: ஆறு உமேடா, நான்கு நம்பா

கேள்வி: நாங்கள் கல்லூரித் தோழிகள் ஐந்து பேர். எல்லாருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. குடும்பத்தை விட்டுவிட்டு முதல் தடவையாகச் சேர்ந்து வெளிநாடு கிளம்புகிறோம். ஏப்ரல் இரண்டாவது வாரம், ஒசாகாவில் ஐந்து நாள். ஒருத்தி முட்டைகூடத் தொடாத சைவம். ஒருத்திக்கு முட்டிவலி. இரண்டு பேருக்கு ஷாப்பிங்தான் உயிர். ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் முழுக்க ஜே.ஆர். ரயில்களில் போகும் பயண அட்டை) வாங்கியே ஆகவேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வாங்கலாமா? நம்பா பகுதியில் தங்கலாமா? கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமல் சுற்றுவது எப்படி? (ஈரோடு வாசகி)

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொலைத்துவிடாமல் ஐந்து நாள் சுற்ற முடியாது. இந்த ஊரில் நம் ஊர்க்காரர்களைக் கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டுவதே என் பிழைப்பு. கையைக் கோத்துக்கொண்டே சுற்றிய குழு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருத்தி மருந்துக்கடையில் ஃபேஸ் க்ரீம் பார்த்து நின்றுவிடுவாள், ஒருத்தி தெரு மாறிவிடுவாள். ஆகவே பிரிவதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். எங்கே பிரிவது, எங்கே திரும்பச் சேர்வது, சேரமுடியாவிட்டால் என்ன செய்வது என்று மூன்றையும் ஈரோட்டிலேயே பேசி முடித்துவிட்டால் சண்டை பாதி குறையும்.

ஐந்து என்ற எண்ணே இங்கே கொஞ்சம் இடைஞ்சலானது. சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏறலாம், ஐந்தாவது ஆளை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்ற பேச்செல்லாம் எடுபடாது. சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் எட்டுப் பத்து ஸ்டூல், அல்லது நால்வர் மேஜை. ஐந்து பேருக்கு ஒரே இடம் வேண்டும் என்று நின்றால், பின்னால் வந்த இரண்டு பேர் முன்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் குழுவை மூன்றும் இரண்டுமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் தயங்காமல் அப்படியே பிரிந்து உட்காருங்கள்.

ஓட்டல் அறையும் அப்படித்தான். இரண்டு கட்டில் போட்ட அறைதான் அதிகம், மூவர் அறை குறைவு. பதிவு செய்யும்போது 'செமி டபுள்' என்று இருந்தால் அது ஏறக்குறைய 120 செ.மீ. அகலமுள்ள ஒரே கட்டில். இருவருக்கு என்றுதான் போட்டிருப்பார்கள். எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் மூன்றாம் நாள் காலையில் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். நம்பாவில் தங்குவது நல்ல யோசனைதான். டோடோன்போரி கால்வாயைப் பார்த்த அறைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், இரவு முழுக்கச் சத்தம். மிடோசுஜி மெட்ரோ வழிக்கு ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும், முட்டிவலிக்காரர் வாழ்த்துவார்.

ஜே.ஆர். பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய விலையை மனதில் வைத்துச் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் டோக்கியோ போகவில்லை. கியோட்டோ அரை மணி நேரம், நாரா ஒசாகா-நம்பாவிலிருந்து சுமார் நாற்பது நிமிடம். இரண்டுக்கும் சாதாரண டிக்கெட்டே போதும்.

உங்களுக்கு வேண்டியது ஆளுக்கொரு இகோகா அட்டை, முன்பே பணம் போட்டு ரயில் வாசலில் தொட்டுப் போகிற அட்டை. 2,000 யென் கொடுத்தால் 500 முன்பணம் போக 1,500 பயணத்துக்கு இருக்கும். ஒரே அட்டையை வைத்து ஐந்து பேரும் உள்ளே போக முடியாது. உள்ளே போன அட்டை வெளியே வந்தால்தான் அடுத்த கணக்குத் தொடங்கும். மெட்ரோவில் நிறையச் சுற்றும் நாளில் 'எஞ்ஜாய் எக்கோ கார்டு' என்ற ஒருநாள் அட்டை வாங்குங்கள். வாரநாளில் 820 யென், சனி ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் 620. குறைந்த கட்டணமே 190 யென், உமேடாவிலிருந்து நம்பாவுக்கு 240. நாலைந்து முறை ஏறி இறங்கினால்தான் வாரநாள் அட்டைக்குக் காசு தேறும். இது ஜே.ஆரிலோ மற்ற தனியார் ரயில்களிலோ செல்லாது.

இனி அந்த ஆறு உமேடா சங்கதி. ஊரின் வடக்கு மையம் உமேடா, தெற்கு மையம் நம்பா. வடக்கே ஜே.ஆர். நிலையத்துக்குப் பெயர் 'ஒசாகா'. அதை ஒட்டி ஹான்க்யூ ரயிலுக்கு ஒரு 'ஒசாகா-உமேடா', ஹான்ஷின் ரயிலுக்கு இன்னொரு 'ஒசாகா-உமேடா' (2019 அக்டோபர் வரை இரண்டுமே வெறும் உமேடாதான்). மெட்ரோவுக்கு மூன்று: மிடோசுஜி வழியில் 'உமேடா', தனிமாச்சி வழியில் 'ஹிகாஷி-உமேடா', யோட்சுபாஷி வழியில் 'நிஷி-உமேடா'. ஹிகாஷி என்றால் கிழக்கு, நிஷி என்றால் மேற்கு. இந்த ஆறையும் பூமிக்கடியில் கடைத்தெருக்கள் இணைக்கின்றன. உள்ளூர்க்காரர்களே வழி தவறும் இடம், கூகுள் மேப்பின் நீலப்புள்ளியும் அங்கே தடுமாறும். தெற்கே நான்கு: நன்காய் ரயிலின் நம்பா, மெட்ரோ நம்பா, கின்டெட்சுவும் ஹான்ஷினும் வரும் ஒசாகா-நம்பா, கொஞ்சம் தள்ளி ஜே.ஆர். நம்பா. 'நம்பா ஸ்டேஷனில் நிற்கிறேன்' என்று வாட்ஸாப்பில் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த ரயில், எந்த வாசல் எண் என்று சேர்த்துப் போடுங்கள். மெட்ரோ நிலையங்களுக்கு எண்ணும் உண்டு. மிடோசுஜியில் உமேடா எம்16, ஷின்சாய்பாஷி எம்19, நம்பா எம்20, டென்னோஜி எம்23. பெயர் வாயில் நுழையாவிட்டால் எண்ணைச் சொல்லுங்கள்.

சந்திக்கும் இடம் என்றால் எல்லாரும் சொல்வது கிளிக்கோ பலகை, கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த மனிதர். 1935இலிருந்து டோடோன்போரியில் நிற்கிறார். இப்போதிருக்கும் 20 மீட்டர் உயர எல்.இ.டி. பலகை 2014இல் வந்த ஆறாவது. படம் எடுக்க அருமையான இடம், ஆள் தேட மகா மோசமான இடம். எதிரிலுள்ள எபிசு பாலத்தில் மாலையில் நிற்கும் கூட்டத்தில் பாதி யாரையாவது தேடிக்கொண்டிருக்கும் கூட்டம். அதற்குப் பதில் நம்பாவில் தகாஷிமாயா கடைக்கு முன்னால், 2023இல் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளியை வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே என்றால், ஜே.ஆர். ஒசாகா நிலையத்தில் தண்டவாளங்களுக்கு மேலே பாலம் மாதிரி ஒரு தளம் இருக்கிறது. அங்கே தங்க நிறத்தில் ஒரு பெரிய கடிகாரம், உட்கார இடமும் உண்டு. வெள்ளி நிறக் கடிகாரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், தங்கம் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் பிரிவது இன்னொரு வகை. ஒருமுறை ஹொம்மாச்சியில் எங்கள் குழுவில் ஐந்து பேர் ஏறிவிட்டார்கள், இரண்டு பேர் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே கதவு மூடிவிட்டது. ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் திரும்பி வந்தார்கள். நின்றவர்கள் அதற்குள் அடுத்த ரயிலைப் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். குழு முழுக்கப் பகிர்ந்துகொண்டிருந்த பாக்கெட் வைஃபை ஒரு பக்கம், அதை நம்பியிருந்த செல்போன்கள் மறுபக்கம். ஒன்றரை மணி நேரம் ஆட்டம் காட்டினார்கள். அன்றிலிருந்து என் குழுவுக்கு இரண்டே விதி. ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய கதவுக்கு எதிரிலேயே நிற்பார்கள். விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் அதே கதவில் ஏறுவார்கள். பிளாட்பாரத் தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கும், வண்டி அங்கேதான் வந்து நிற்கும். வைஃபை பெட்டி வாடகைக்கு எடுக்காமல் ஆளுக்கொரு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். மிடோசுஜியில் வாரநாட்களில் நாள் முழுக்கப் பெண்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு, தரையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். எப்போதும் அதிலேயே ஏறுவது என்று வைத்துக்கொண்டால் தேடல் இன்னும் சுலபம்.

எஸ்கலேட்டரில் ஒசாகாக்காரர்கள் வலது பக்கம் நிற்பார்கள், டோக்கியோவில் இடது பக்கம். இருவர் அகலத்தை அடைத்துக்கொண்டு கதை பேசினால் யாரும் திட்டமாட்டார்கள், பின்னால் பெருமூச்சு மட்டும் கேட்கும்.

சைவத் தோழி விஷயத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். ஜப்பானிய சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்கிற சாறு. பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துப் புகையூட்டிச் சீவிய செதிலில் எடுப்பது. மிசோ சூப்பில், ஊடோன் நூடுல்ஸ் குழம்பில், தோசைமாவு மாதிரிக் கலக்குகிற ஒகோனோமியாக்கி மாவில், அவித்த காய்கறியில்கூட அது இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சத்தியமே செய்வார், அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் தாஷி மீன் இல்லை, தண்ணீர் மாதிரி. ஒகோனோமியாக்கி சூடாக வந்ததும் மேலே மெல்லிய பழுப்புச் சருகு தூவுவார்கள், ஆவியில் அது உயிருள்ளது போல நெளியும். வெங்காயச் சருகு என்று நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டே வாயில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் அந்த மீன். மாவில் முட்டையும் உண்டு. ஒசாகாவின் பேர்பெற்ற தகோயாக்கி உருண்டைக்குள் இருப்பது ஆக்டோபஸ். அதனால் தெருக்கடைகளை மற்ற நால்வருக்கு விட்டுவிட்டு, சைவத் தோழிக்கு வீகன் என்று பலகை வைத்த உணவகத்தையோ இந்திய உணவகத்தையோ தினம் ஒருவேளைக்கு முன்கூட்டியே குறித்துவையுங்கள். பருப்புப் பொடி, ரெடிமேட் உப்புமா கொண்டுவரலாம். பழம், காய், பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். 'தாஷி மோ தமே தேஸ்' (தாஷியும் ஆகாது) என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நிக்கு' என்றால் பொதுவாக இறைச்சி. ஆனால் ஒசாகா வட்டாரத்தில் வெறுமனே நிக்கு என்றால் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். அதனால்தான் டோக்கியோவில் 'நிக்குமான்' என்கிற பன்றி இறைச்சிக் கொழுக்கட்டையை இங்கே 'புத்தாமான்' என்கிறார்கள்.

பணத்துக்குப் பொதுப் பர்ஸ் ஒன்று போடுங்கள். காலையில் ஆளுக்கு 3,000 யென், நாணயங்களை அடக்க ஜிப் வைத்த பர்ஸ். பெரும்பாலான கடைகளில் மேஜைக்கு ஒரே பில்தான். தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமானால் 'பெட்சு பெட்சு' என்று கேட்கலாம், கூட்ட நேரத்தில் முகம் சுளிப்பார்கள். இசகாயா (மதுவும் சிற்றுண்டியும் தரும் கடை) மாதிரிக் கடைகளில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வந்து உட்காரும். அது 'ஓதோஷி', உட்காரும் கட்டணம், ஆளுக்குச் சில நூறு யென். ஏமாற்று வேலை இல்லை, வழக்கம். ஏமாற்று வேலை என்பது இரவில் டோடோன்போரித் தெருவில் அட்டையை நீட்டி 'வாங்க, வாங்க' என்று கூப்பிடுபவர் பின்னால் போவது. ரொக்கம் தீர்ந்தால் செவன்-லெவன் கடைகளின் ஏ.டி.எம்.மில் எடுக்கலாம். கிளம்புமுன் வங்கி ஆப்பில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள்.

பார்க்கவேண்டியவை பற்றிச் சுருக்கமாக. ஒசாகாக் கோட்டையின் நடுக்கோபுரம் 1931இல் கட்டிய கான்கிரீட் கட்டடம், உள்ளே அருங்காட்சியகம். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழையது வேண்டுமென்றால் மதிலைப் பாருங்கள். 1620இல் தொடங்கி டோகுகாவா ஆட்சி எழுப்பியது. சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் ஒரே கல் சுமார் 108 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நிலையத்திலிருந்து நடை நீளம், ஏற்றமும் உண்டு. முட்டிவலிக்காரர் அகழிக்கரையில் பூ பார்த்து உட்காரட்டும். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சாதாரண சகுரா (செர்ரிப்பூ) உதிர்ந்திருக்கலாம். அப்போதுதான் ஜப்பான் நாணயச்சாலை தன் வளாகத்து அடுக்குப்பூ சகுராப் பாதையை ஒரு வாரம் திறந்துவிடுகிறது, 1883இலிருந்து இருக்கும் வழக்கம். கட்டணம் இல்லை, ஆனால் அண்மை ஆண்டுகளில் இணையத்தில் முன்பதிவு கேட்கிறார்கள். தேதி வெளியானதும் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். ஷாப்பிங் இருவரும் ஷின்சாய்பாஷி கடைவீதியில் இருக்கட்டும், பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும். மற்ற மூவரும் ஷின்செகாய் பகுதிக்குப் போய் 1956இல் மறுபடி எழுப்பிய சுதென்காக்கு கோபுரத்தடியில் நடந்துவிட்டு வரலாம்.

திரும்பும் நாளில் ஒரு எச்சரிக்கை. நம்பாவிலிருந்து விமான நிலையத்துக்கு நன்காய் ரயில்தான் சுலபம். ஷாப்பிங் காரணமாக யாராவது வடக்கே மாட்டிக்கொண்டு ஜே.ஆர். ஒசாகாவிலிருந்து வந்தால், 'கன்சாய் ஏர்போர்ட் ராபிட்' ஹினெனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை உள்ள பெட்டிகள் விமான நிலையத்துக்குப் போகும், 5 முதல் 8 வரை வகயாமா பக்கம் போய்விடும். ஏறும்போதே பெட்டி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.