போன் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்

தம்பி, லண்டனில் பார்சல் டெலிவரியைச் சுயதொழிலாகத் தொடங்கப் போகிறேன், எந்தப் போன் வாங்கலாம், அதன் முழுக்காசையும் வரியில் கழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் போன் என்றாலும் சரி. பற்றரி நாள் முழுக்கத் தாங்க வேண்டும், இரண்டு சிம் போட இடம் வேண்டும். வாகனம் ஓட்டும்போது கையில் பிடிக்காமல் இருக்க ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பிடிபட்டால் 200 பவுண் தண்டம், லைசென்ஸில் 6 பொயின்ற் (குற்றப் புள்ளி). இங்கே லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 பொயின்ற்றோடு லைசென்ஸே போய்விடும்.

வரி விஷயத்தைத்தான் கவனமாகக் கேளுங்கள். 600 பவுணுக்குப் போன் வாங்கினால் 600 பவுணும் திரும்பி வரும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். வராது. வேலைக்குப் பாவிக்கும் பங்கைத்தான் செலவாகக் காட்டலாம். 60 வீதம் வேலைக்கு என்றால் கணக்கில் ஏறுவது 360. அதுவும் கைக்கு வருவதில்லை, அதற்குரிய வரிதான் குறையும். 20 வீத வரியும் 6 வீத நாஷனல் இன்சூரன்ஸும் (வரியோடு சேர்த்து அரசாங்கத்துக்குக் கட்டும் சமூகக் காப்புறுதிப் பணம்) கட்டுபவருக்கு மிச்சம் 93 பவுண் 60 பென்ஸ். இந்தக் கழிவை நம்பி விலை கூடிய போனை 24 மாதக் கொன்ராக்டில் எடுத்துக் கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது முன்பு கடன், பில் ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லையென்று ஒரு கடையிலும் கொன்ராக்ட் தரவில்லை. தெரிந்த அண்ணர் ஒருவர் தன் பெயரில் எடுத்துத் தந்தார், மாதாமாதம் அவர் கையில் காசு கொடுத்தேன். கணக்குப் பார்த்தவரும் நம்மவர்தான். 'எல்லாரும் இப்படித்தான்' என்று முழுத்தொகையையும் போட்டார், நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். வரித்திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தபோது காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கணக்காளர் போனையே எடுக்கவில்லை. வரியும் வட்டியும் தண்டமும் நான்தான் கட்டினேன். கணக்கை யார் எழுதினாலும் பொறுப்பு உங்களுடையது.

அதனால் வேலைக்கென்று தனி சிம் எடுங்கள், உங்கள் பெயரில். வேலைக்கு மட்டுமே பாவித்தால் அதன் பில் முழுவதையும் காட்டலாம், பங்கு பிரிக்கும் தலையிடி போனுக்கு மட்டும்தான். ஒரே சிம் என்றால் ஒரு மாதத்து அழைப்புகளையும் டேட்டாவையும் பார்த்து வீதத்தை எழுதி வையுங்கள். அரசாங்கம் தரும் உதாரணத்திலேயே வருட பில் 200 பவுணில் 70 தான் வேலைக்கு. பற்றுச்சீட்டுகளை, கணக்கு அனுப்பவேண்டிய ஜனவரி 31 இலிருந்து 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

வருடச் செலவெல்லாம் சேர்த்து 1,000 பவுணுக்குள் என்றால் செலவுக்குப் பில் காட்ட வேண்டாம். உண்மைச் செலவுக்குப் பதிலாகச் சுயதொழில் வருமானத்தில் கழிக்க விடும் 1,000 பவுண் கழிவையே எடுங்கள், ஆனால் அதோடு போனையும் சேர்த்துப் போட முடியாது. ஸ்டூடன்ட் விசாவில் இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், சுயதொழிலுக்கு அதில் அனுமதி இல்லை.

மற்றக் கேள்வி, எந்தக் கம்பெனி மலிவு என்பது. அது மாதத்துக்கு மாதம் மாறும்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நானே போய் ஒரு சிம் எடுத்தேன். முதல் பில் தபாலில் வந்த நாள் நினைவிருக்கிறது. என் பெயரும் அறை எடுத்திருந்த வீட்டு விலாசமும் ஒன்றாக அச்சில் இருந்த முதல் கடதாசி அது. 5 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் பைலில் முதலாவதாக அதுதான் இருக்கிறது.