பசையும் பொன்தூளும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் ஜப்பானியப் பண்பாட்டு வாரம் நடத்தினோம். காலையில் இரண்டு மணி நேரம் கிண்ட்சுகி பயிற்சி. உடைந்த கோப்பைகளைப் பொன்நிறத்தில் ஒட்டி, ‘காயங்களும் அழகே’ என்று ஆளுக்கொரு அட்டை எழுதி வைத்தோம். மாலையில் ஓசு இயக்கிய ‘டோக்கியோ ஸ்டோரி’ படம். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த முறை எந்தப் படம் போடலாம்? அனிமே போட்டால்தான் கூட்டம் வரும் என்கிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்களே, அது போதும். அனிமே போடுவதென்றால் போடுங்கள், அதில் சண்டை எதற்கு? என்னை உறுத்துவது அந்த அட்டைதான்.

கடைப்பசையும் தங்கநிறப் பொடியும் வைத்து விளையாடினால் தப்பில்லை. அதன் தலையில் ஒரு தத்துவத்தை ஏற்றினீர்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது. கிண்ட்சுகியில் கோப்பையை ஒட்டுவது உருஷி என்னும் மரப்பால். மா, முந்திரி, நம் சேராங்கொட்டை எல்லாம் அந்த மரத்தின் குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்ட இடம் எப்படித் தடித்துப் புண்ணாகுமோ, இதுவும் அப்படியே. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கோடை முழுக்கக் கீறினால் கிடைப்பது சுமார் 200 கிராம். பெரும்பாலும் அத்தோடு மரத்தையும் வெட்டிவிடுவார்கள். அந்தப் பாலில் கோதுமை மாவைப் பிசைந்து உடைந்த விளிம்பில் தடவுகிறார்கள். வெயிலில் வைத்தால் அது இறுகாது. காற்றில் 70, 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். அதனால் ஈரத்துணி வைத்த பெட்டிக்குள் நாள்கணக்கில் கிடக்கிறது. அப்புறம் மண்தூள் குழைத்த பாலால் பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி பெட்டிக்குள். பொன்தூள் வருவது ஏறக்குறைய கடைசியில். நீங்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். மரம் கீறியவரும் புண்பட்ட கையும் எங்கே போனார்கள்? உங்கள் மனக்காயத்துக்கு உவமையாகவா அவர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள்?

ஜப்பானில் வாஜிமா என்ற ஊரில் உருஷி பூசும் பட்டறை ஒன்றில் ஒரு முதியவர் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு கை நுழையும் அளவுக்குத்தான். உள்ளே வரிசையாகக் கறுப்புக் கிண்ணங்கள். தூசி விழும் என்று உடனே மூடிவிட்டார். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அந்த ஊரின் காலைச்சந்தைத் தெரு எரிந்த படங்களைப் பார்த்தபோது, எத்தனை பெட்டிகளில் எத்தனை கிண்ணங்கள் பாதிவேலையில் இருந்திருக்கும் என்றே மனம் கணக்குப் போட்டது. சில மாதங்களில் தற்காலிகப் பட்டறைகள் போட்டு மீண்டும் பூச உட்கார்ந்தார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

சரி, படம். மிசோகுச்சியின் ‘உகெட்சு’, 1953. உள்நாட்டுப் போர்க்காலத்துக் குயவன் கதை. அவன் காசு வெறியில் வனைகிறான். சக்கரத்தைச் சுற்றிக்கொடுப்பவள் மனைவி. சூளை எரிந்துகொண்டிருக்கும்போது படை வந்துவிடுகிறது, ஓட வேண்டும், அவனுக்கோ நெருப்பு அணைந்துவிடுமே என்று தவிப்பு. பேய்க் காட்சிகளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், நீங்கள் சக்கரத்தைக் கவனியுங்கள். அன்று காலையில் குயவர் ஒருவரை அழைத்து, ஒருவர் சுற்ற ஒருவர் வனைந்து பார்க்கட்டும். மாலையில் எழுந்து போகிறவர்கள் குறைவார்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் கோப்பைகளை எறிந்துவிட வேண்டாம், பேனா போட்டு வையுங்கள். டீ மட்டும் குடித்துவிடாதீர்கள், அந்தப் பசை வாயில் படக் கூடாது. அட்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள்.