‘அக்காவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?’

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மனித உரிமைகளைப் படங்களோடு விளக்கும் புத்தகம் ஒன்றை நாத்தனார் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கு மேல் அவள் உட்காரவில்லை. "இந்த வயசுல உரிமை, கிரிமைன்னு சொல்லிக் கொடுத்தா நாளைக்கு எதிர்த்துப் பேசும்" என்கிறார் மாமியார். இதற்கிடையில் போன வாரம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மட்டும் ஏன் பின்கட்டு ஜன்னலில் தனி டம்ளர் என்று கேட்டாள். "அது அவங்களோடது" என்று சமாளித்துவிட்டேன். இந்தப் புத்தகமெல்லாம் இப்போதே வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே ஒரு டம்ளர், உங்கள் கடிதத்தின் விஷயமே அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் புத்தகம்.

உங்கள் மகள் எழுந்து ஓடியதில் ஆச்சரியமில்லை. 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள். பிரிவுக்கு ஒரு படம் என்று போட்டால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் ஆறு வயதுக்கு அது வெறும் பட்டியல். ‘உரிமை’ என்ற சொல் இப்போது பிடிபடாது. ஆனால் ‘போங்கு’ தெரியும். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு இல்லை என்று சாதிப்பவளைப் பார்த்து "போங்காட்டம்!" என்று கத்துகிற பிள்ளைக்கு நியாயத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாத்தனார் கொடுத்ததை இரண்டு வருஷம் அலமாரியில் வையுங்கள். எடுக்கும்போது, அந்தப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்ததை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றவைத்தது இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா என்பதையும் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு குழந்தையைப் பற்றிய படக்கதை போதும். மகாஸ்வேதா தேவி எழுதி, கன்யிகா கினி வரைந்து, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட மொய்னாவின் கதையைத் தேடிப் பாருங்கள். ஆடு மேய்க்கும் பழங்குடிச் சிறுமி. எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ அரிசி கொடுத்த பண்ணையாருக்கு நன்றி சொல்லச் சொன்னால், நான் அவர் தொழுவத்தைக் கூட்டுகிறேனே, அவர் எனக்கு நன்றி சொன்னாரா என்பாள்.

வாசிக்கும்போது பக்கத்தைப் புரட்ட அவசரப்படாதீர்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் காலில் செருப்பு இல்லை என்பதெல்லாம் படத்தில்தான் இருக்கும். என் பேத்தி ஒரு கல்யாணப் பந்திப் படத்தில் பத்து நிமிஷம் நின்றுவிட்டாள். "எச்சி இலை எடுக்கிற பாட்டி எப்போ சாப்பிடுவாங்க?" கதையில் அந்தப் பாட்டியே கிடையாது. ஓவியர் ஓரமாக வரைந்து வைத்திருந்தார். முடித்ததும் "இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதோடு போச்சு.

வசதியான பிள்ளை ஏழைப் பிள்ளைக்குப் பழைய சட்டை கொடுத்து நல்ல பெயர் வாங்கும் ‘ஐயோ பாவம்’ கதைகளைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். செலவில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.

மாமியார் சொல்வது சரிதான், எதிர்த்துப் பேசுவாள். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ன் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு. 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. காது கொடுத்துக் கேட்பது வேறு, கேட்டதையெல்லாம் வாங்கித் தருவது வேறு. ஐஸ்கிரீமுக்கு இந்தப் பிரிவு செல்லாது!

சரி, டம்ளர். என் பாட்டி வீட்டில் அது கொட்டாங்குச்சி; மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். நானும் ஏன் என்று கேட்டேன். "வாயை மூடு" என்றார்கள். மூடிக்கொண்டேன், இருபது வருஷம்.

உங்கள் பதிலை மகள் நம்பியிருக்கமாட்டாள். மொய்னாவை வாசிக்கிற ராத்திரி அதே கேள்வி திரும்ப வரும். "நாம செஞ்சது தப்புடா" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பே அந்த டம்ளரைக் கழுவி மற்றவற்றோடு அடுக்கிவிடுங்கள், எது யாருடையது என்று தெரியாதபடி. மறுநாள் அந்த அக்காவை உள்ளே உட்காரச் சொல்லிக் காபி கொடுங்கள். முதல் நாள் தயங்குவார். வற்புறுத்தவும் வேண்டாம், அதை ஒரு விழாவாக்கவும் வேண்டாம். மாமியார் என்னவென்று கேட்டால், "பிள்ளை கேட்டுச்சு அத்தை, எனக்குப் பதில் தெரியல" என்று சொல்லிப் பாருங்கள்.