பல்லியின் அறுந்த வால் ஏன் துடிக்கிறது?

துடைப்பம் பட்டதும் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. விழுந்த வாலோ தரையில் துள்ளுகிறது. எப்படி?

பிடிபடும் நிலையில் பல்லி தன் வாலைத் தானே கழற்றிவிடுவதை வால் முறிப்பு எனலாம். வால் எலும்புகளுக்குள்ளேயே முறிவதற்கென்று மெல்லிய கோடுகள் இருக்கின்றன. அஞ்சல்தலைத் தாளில் கிழிக்க வசதியாக வரிசையாகத் துளையிட்டிருப்பார்களே, அதுபோல. தசையை இறுக்கியதும் அந்த இடத்தில் வால் பிரிந்துவிடும். இரத்தக் குழாய்கள் உடனே சுருங்குவதால் இரத்தம் அதிகம் கசியாது. துண்டான வாலுக்குள் தண்டுவடத்தின் ஒரு பகுதி இருக்கிறது. மூளையின் கட்டளை இல்லாமலே அது சில நிமிடங்கள் தசைகளை இயக்கும். பூனை அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்க, பல்லி தப்பிவிடும்.

வால் மீண்டும் வளரும்; உள்ளே எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புதான் இருக்கும். பல்லி கொழுப்பைச் சேமிப்பது வாலில்தான் என்பதால் இந்த இழப்பு அதற்குப் பெரியது. விளையாட்டுக்காக வாலைத் தட்டிவிடும் குழந்தைகளைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பல்லி நஞ்சுள்ளது என்பது தவறு, வீட்டுப் பல்லிக்கு நஞ்சுச் சுரப்பியே கிடையாது. அது விழுந்த உணவைக் கொட்டிவிடச் சொல்வது, அதன் உடலிலும் எச்சத்திலும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா பாக்டீரியாவுக்காக.