காஸ்மிக் மைக்ரோவேவ் கதிர்வீச்சுல இருக்கிற ஏற்ற இறக்கத்த எப்படி அளக்கிறாங்க?

பிரபஞ்சம் பொறந்து சுமார் 3,80,000 வருஷம் கழிச்சு கிளம்பின வெளிச்சம் இன்னும் வானம் பூரா மைக்ரோவேவா பரவிக் கிடக்கு, எந்தப் பக்கம் பாத்தாலும் அதோட வெப்பநிலை கிட்டத்தட்ட 2.725 கெல்வின்தான் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்), ஆனா லட்சத்துல ஒரு பங்கு அங்கங்க கூடக்கொறைய இருக்கும். 10 மீட்டர் ஆழக் கிணத்துல தலைமுடி தடிமனுக்கு அலை அடிக்கிற மாதிரி. ஆரம்பத்துல பொருள் ஒரு இடத்துல நெருக்கமாவும் ஒரு இடத்துல கலைஞ்சும் இருந்ததுதான் காரணம், நெருக்கமான இடம்தான் பின்னாடி கேலக்ஸி ஆச்சு.

இவ்ளோ சின்னத நேரா அளந்தா கருவியோட இரைச்சலே அத முழுங்கிடும், அதனால 1989ல நாசா அனுப்பின கோபி சாட்டிலைட்ல (பேரே அதுதாங்க) 60 டிகிரி தள்ளித் தள்ளி ரெண்டு ரெண்டு ஆன்டெனா வெச்சு, தராசுத் தட்டு மாதிரி இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் பாத்தாங்க, 1992ல ரிசல்ட் வந்துச்சு.

இப்படி அளந்த வித்தியாசத்த வெச்சு வானத்துக்குப் போட்ட நீல சிவப்பு மேப்ப பாத்துட்டு வானத்துல அந்தக் கலர் நெசமாவே இருக்குன்னு நெனைக்காதீங்க, அது கம்ப்யூட்டர் அடிச்ச பெயின்ட்.