கிள்ளுவதும் பிடுங்குவதும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போயிருந்தோம். ஆகாயகங்கைக்கு இறங்கும் முன் ஒரு கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். திரும்பும் வழியில் அதே கிழங்கு ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு பெரிய துண்டுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டேன். பார்த்துவிட்ட ஓர் அம்மா, “இப்படி முழுசா பேத்துட்டா அப்புறம் எங்கிருந்து வரும்?” என்று சத்தம் போட்டார். காட்டில் தானாக வளர்வது எல்லோருக்கும் பொதுதானே? வியாபாரம் போய்விடும் என்று விரட்டுகிறார்களோ? இன்னொரு கேள்வி. மூலிகை, காட்டுக்கீரை பறிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. படம் பிடித்தால் பெயர் சொல்லும் செல்போன் ஆப் போதுமா? ஒரு துண்டு இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

வியாபாரத்துக்காகவும் விரட்டியிருக்கலாம். இருந்தாலும் அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி.

கிழங்கு என்று எல்லோரும் சொன்னாலும் நீங்கள் பெயர்த்தது ஒரு பெரணிச் செடியின் தண்டு. பாறைமேலும் மரத்தின்மேலும் ஊர்ந்து வளரும். மேலே பழுப்பு ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரி. அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு வகை இலை தெரியும். ஒன்று நீளமான பச்சை இலை. இன்னொன்று தண்டை ஒட்டிக் கிண்ணம்போல் குவிந்த, சருகு நிறத்துச் சின்ன இலை. காய்ந்தது என்று அதைப் பிய்த்துப் போட்டுவிடுவோம். ஆனால் அந்தச் செடியின் எருக்குழியே அதுதான். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைத்து மக்கவிடும். மண்ணே இல்லாத பாறையில் செடி பிழைப்பது அந்த எருவில்தான். கோடையில் பச்சை இலை உதிர்ந்து வெறும் தண்டாகக் கிடக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். பூவும் கிடையாது, விதையும் கிடையாது. தண்டை முழுசாகப் பெயர்த்தால் அந்த இடத்தில் அதன் கதை முடிந்தது.

எங்கள் அப்பத்தா வேலியில் பிரண்டை பறிக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுதான் கிள்ளுவார். அதற்குக் கீழே முற்றல், நாக்கு அரிக்கும், அது ஒரு காரணம். கிள்ளின கணுவுக்குப் பக்கத்தில் புதுக்கொடி கிளம்பும், அது இன்னொன்று. தூதுவளை, முடக்கத்தான், முருங்கை எல்லாமே இப்படிக் கிள்ளத் தாங்குபவை. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடவிடமாட்டார், அது அவர் நம்பிக்கை. வேர், கிழங்கு, பட்டை சங்கதியே வேறு. அங்கே ஒருமுறை கை வைத்தாலே செடிக்கு உயிர்ப்பிரச்சினை.

இதற்கு நல்ல உதாரணம் மாகாளிக்கிழங்கு. மூட்டைப்பூச்சி வாடை என்று பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள், மீதிப் பேர் தயிர்சாதத்துக்கு அது இல்லாமல் உட்காரமாட்டார்கள். (நான் இரண்டாவது கட்சி.) பாறை இடுக்கில் வேர்விடும் கொடி அது. நமக்கு வேண்டியதோ வேர். நன்னாரி சர்பத் என்று நாம் குடிப்பதிலும் பல நேரம் இந்த வேர்தான். தோண்டித் தோண்டி இன்று அது அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. எனக்கும் அதில் பங்குண்டு, ஜாடி ஜாடியாகத் தின்றிருக்கிறேன்.

பொது என்றீர்கள். தலைமுறைகளாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு மூலிகை, கிழங்கு, தேன் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் காரில் வந்துபோகும் உங்களுக்கும் எனக்கும் அது கிடையாது. அது காப்புக்காட்டுப் பாறையாக இருந்திருந்தால் வனக்காவலரிடமும் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் ஆப். பெயர் தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், வாயில் வைக்க அதை நம்பாதீர்கள். கீழாநெல்லியைப் போலவே அதன் சொந்தக்காரச் செடிகள் நாலைந்து வரப்பில் நிற்கும். அங்கே தப்பு நடந்தால் பெரும்பாலும் மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான். செங்காந்தளில் அப்படி இல்லை. நம் மாநில மலர், அழகுதான். ஆனால் அதன் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று வேகவைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. எவ்வளவு வேகவைத்தாலும் விஷம் போகாது. ஆகவே ஊரில் கீரை பறிக்கிற ஒரு பாட்டியைப் பிடியுங்கள். ஒரு வருடத்துக்கு ஐந்து செடி போதும். துளிராக, பூவாக, காயாக, காய்ந்த குச்சியாக எல்லாக் கோலத்திலும் அவற்றைப் பாருங்கள். சாக்கடை ஓரத்து வல்லாரை, களைக்கொல்லி அடித்த வரப்புக் கீரை, இரண்டும் எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் வேண்டாம்.

சரி, பிரிட்ஜில் இருப்பதற்கு வருவோம். அதில் ஒரு முனையில் ரோமம் மட்டும் வெளிறி மெத்தென்று இருந்தால் அதுதான் வளரும் நுனி. அந்த முனையை ஒரு சாண் விட்டு வெட்டி, மக்கிய சருகு கொஞ்சம் வைத்து, வீட்டு மாமரக் கவையில் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுங்கள். பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் தெளியுங்கள். பிரிட்ஜ் குளிரில் நுனி கருகியிருந்தால் பிடிக்காது. மீதியைத் தோல் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வையுங்கள். மூட்டுவலி போய்விடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ருசியாக இருக்கும்.